மதுரைக்கு மூன்று சாமம்

நேயர்களுக்கு வணக்கம்.

மதுரையைப் பார்க்கக் கிளம்புகிற பலரும் ஒரே இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். காலையில் வந்து இறங்கி, குளித்து, டிபன் முடித்து, ஆற அமர மீனாட்சியம்மன் கோயில் வாசலுக்குப் போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டரை. நடை சாத்தியிருக்கும். மறுபடி திறக்க மாலை நான்கு ஆகும். சித்திரை வீதிக் கல்லோ அந்நேரம் அடுப்பாகக் கொதிக்கும். அரை நாள் போச்சு. மாலையில் அவசர தரிசனம், இரவு வண்டி. "மதுரை பார்த்தாச்சு" என்று ஊரில் போய்ச் சொல்வார்கள்.

இந்த ஊரை மாலை நான்கு மணிக்குத் தொடங்கி மறுநாள் விடியலில் முடிக்க வேண்டும். இதற்கு வழிகாட்டி எழுதி இரண்டாயிரம் ஆண்டு ஆகப்போகிறது. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி, 782 அடி. பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு நிலையாமை சொல்ல வந்த பாட்டுதான். ஆனால் போகிற போக்கில் நகரத்தையே சுற்றிக் காட்டிவிடுகிறது. பகல் கடைக்கு நாளங்காடி, இரவுக் கடைக்கு அல்லங்காடி என்று பெயர். அல்லங்காடியின் இரைச்சலைப் பலவகைப் பறவைகள் சேர்ந்து ஒலிப்பதற்கு ஒப்பிடுகிறார் புலவர். பிறகு இரவை முதல் சாமம், இரண்டாம் சாமம், மூன்றாம் சாமம் என்று பிரித்து, எந்தச் சாமத்தில் யார் விழித்திருக்கிறார்கள், யார் தூங்கி வழிகிறார்கள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். நாமும் அப்படியே போவோம்.

முதலில் வந்து சேர்கிற வழி. ரயிலில் வந்தால் கவலையில்லை. சந்திப்பிலிருந்து டவுன்ஹால் ரோடு வழியாக நேராக நடந்தால் கால் மணி நேரத்தில் மேலக் கோபுரம் தெரியும். பஸ்ஸில்தான் குழப்பம். சென்னை, திருச்சி, திருநெல்வேலிப் பக்கம் என்றால் மாட்டுத்தாவணி. தேனி, திண்டுக்கல், கோவைப் பக்கம் என்றால் ஆரப்பாளையம். இரண்டுக்கும் நடுவே ஊரே இருக்கிறது. திரும்பும்போது மாற்றிப் போய் நின்றால் வண்டி போய்விடும். ரூமை மாசி வீதிக்கு உட்பட்டு எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் நடந்தே திரும்பலாம்.

வீதிகளின் கணக்கு எளிது. கோயில் மதிலுக்குள்ளே ஆடி வீதி, மதிலை ஒட்டி வெளியே சித்திரை வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, அதற்கடுத்து மாசி வீதி, கடைசியில் பழைய கோட்டை இருந்த வரம்பில் வெளி வீதி. ஒவ்வொன்றுக்கும் கீழ, மேல, வடக்கு, தெற்கு. தாமரை இதழ்போல வீதிகள் என்று பரிபாடல் சொல்வது இந்த அடுக்கைத்தான். வழி தவறினால் வீதிப் பெயர்ப் பலகையைப் பாருங்கள். மாசியிலிருந்து ஆவணி மூலம் வந்தால் கோயிலை நெருங்குகிறீர்கள் என்று பொருள்.

இனி முதல் சாமம். கோயிலுக்குள் செல்போன் கூடாது. கோபுர வாசலில் செருப்பையும் போனையும் ஒப்படைத்து டோக்கன் வாங்க வேண்டும். எந்த வாசலில் கொடுத்தோம் என்பதை மனதில் முடிந்துகொள்ளுங்கள். நான்கு பக்கமும் வாசல். தெற்கில் கொடுத்துவிட்டு வடக்கில் வெளியே வந்தால் வெறுங்காலோடு பாதி ஊரைச் சுற்ற வேண்டும். துணைக்கு வந்தவரைக் கூப்பிடப் போனும் இராது. உள்ளே போகுமுன், பிரிந்தால் சந்திக்க ஓர் இடம் பேசி வைத்துக்கொள்வது நல்லது. பொற்றாமரைக் குளத்துப் படிக்கட்டு அதற்கு வசதி. இந்த ஊர் வழக்கப்படி அம்மனைப் பார்த்துவிட்டுத்தான் சுவாமி. ஆயிரங்கால் மண்டபத்தில் உண்மையில் 985 தூண்கள், இருட்டுமுன்பே பார்த்துவிடுங்கள்.

அப்புறம் சாப்பிடப் போகலாம் என்று ஏழரைக்கே வெளியே வந்துவிடாதீர்கள். பள்ளியறைப் பூசை ஒன்பது மணிக்கு மேல்தான். சுவாமி சொக்கநாதரின் திருவடி பல்லக்கில் ஏறி, நாதசுரமும் தீவட்டியுமாக அம்மன் சன்னதிக்கு வந்து சேரும். எட்டரைக்கே அம்மன் சன்னதிப் பக்கம் ஓர் ஓரமாக நின்றால் பல்லக்கு கை எட்டும் தூரத்தில் போகும். நாயக்கர் மகாலில் மாலையில் ஒலி-ஒளிக் காட்சி நடக்கிறது. தமிழ்க் காட்சிக்குப் போய்விட்டுப் பள்ளியறையையும் பிடிக்கலாம் என்று நினைத்தால் இரண்டும் நழுவும். ஒரே இரவுதான் இருக்கிறது என்றால் என் வாக்கு பள்ளியறைக்கே. மகாலைப் பகலில் பார்த்தால்தான் தூண்களின் சுண்ணாம்புப் பூச்சு கண்ணுக்குப் பிடிபடும். 1636-இல் திருமலை நாயக்கர் கட்டியதில் இன்று மிஞ்சியிருப்பது ஒரு பகுதி மட்டுமே.

இரண்டாம் சாமம் சாப்பாட்டுக்கு. மதுரைக்காஞ்சியில் இந்தச் சாமத்தில் கடையடைத்தபின் அப்ப வணிகர்கள் உட்கார்ந்தபடியே தூங்குகிறார்கள். அவர்கள் விற்கிற மெல்லடைக்குப் புலவர் சொல்லும் உவமை தேன்கூடு. துளைத் துளையாக வெந்த அடை, கண்முன்னே வருகிறது அல்லவா?

இன்றைய அடை, கறிதோசை. மாவைத் தோசைபோல் இழுக்காமல் ஊத்தப்பம் கனத்தில் விடுவார்கள். மேலே அடித்த முட்டை. முட்டை இறுகுமுன்பே, சுக்காவாக வறுத்த கொத்துக்கறியைப் பரப்பி, சட்டுவத்தால் லேசாக அழுத்தி, சுற்றிலும் எண்ணெய் விட்டுத் திருப்பிப் போடுவார்கள். கறியில் தண்ணீர் இருந்தால் முட்டை பிடிக்காது, திருப்பும்போது பிரிந்து விழும். தீ கூடினால் அடி கருகி நடுவில் மாவாக நிற்கும். அதனால் பத்து நிமிடம் பிடிக்கும், அவசரப்படுத்தாதீர்கள். ஒரு கறிதோசை இரண்டு பேருக்குப் போதும்.

கொத்து பரோட்டாவுக்குக் காதைத்தான் முதலில் நம்ப வேண்டும். தகடு கல்லில் விழும் தாளம் சீராக இருந்தால் பரோட்டா ஆறியிருக்கிறது என்று பொருள். சுடச்சுடப் பரோட்டாவைக் கொத்தினால் களியாகும். போட்டு ஒரு மணி நேரம் ஆனது உதிரியாக வரும். சால்னாவைக் கடைசியில் ஒரு கரண்டி விட்டு உடனே இறக்க வேண்டும். பன் பரோட்டா வேறு சங்கதி. சுருட்டிய மாவை அதிகம் தட்டாமல், உயரமாகவே எண்ணெயில் வேகவிட்டது.

ஜிகர்தண்டாவைச் சாப்பாட்டோடு குடிக்காதீர்கள், அரை மணி கழியட்டும். ஒரு லிட்டர் பாலைச் சிறு தீயில் அரை லிட்டராகச் சுண்டக் காய்ச்சி, குளிர வைத்தது அடித்தளம். கிளாஸின் அடியில் ஊறிய பாதாம் பிசின், அதன்மேல் நன்னாரி சர்பத், பிறகு பால், மேலே ஐஸ்கிரீம். வீட்டில் செய்து பார்ப்பவர்கள் சறுக்குவது பிசினில்தான். இரண்டு மணி நேரம் ஊறினால் வெளியே கொழகொழப்பு, உள்ளே கல். இரவு முழுக்க ஊற வேண்டும். ஒரு டீஸ்பூனுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் வையுங்கள். பிசின் தானே குடித்துத் தீர்த்துவிடும்.

மூன்றாம் சாமத்தில் மருதனார் காட்டுவது கள்வரையும், அவர்களைத் தேடி நடக்கிற ஊர்க்காவலரையும். இன்றும் காவலர்கள் வந்து ஷட்டரை இறக்கச் சொல்லும் இரவுகள் உண்டு. அதனால் தூங்கா நகரம் என்ற பேரை நம்பி நள்ளிரவு ஒரு மணிக்குப் பசியோடு கிளம்ப வேண்டாம், பதினொன்றுக்குள் சாப்பிட்டுவிடுங்கள். அந்தப் பேருக்கு மில் ஷிப்டும் சந்தை லாரிகளும் ஒரு காரணம். மாட்டுத்தாவணியில் டீ எந்நேரமும் கிடைக்கும்.

ஊரே விடிய விடிய விழித்திருப்பது சித்திரைத் திருவிழாவில்தான். அழகர் ஆற்றில் இறங்கும் காலையில் வைகைக் கரை நெரிசல் குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் ஆகாது. முந்தின நாள் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவையில் தல்லாகுளம் பக்கம் நின்றாலோ, மறுநாள் இரவு ராமராயர் மண்டபத்தில் அழகர் அவதாரக் கோலங்களில் காட்சி தரும் தசாவதாரத்துக்குப் போனாலோ நிதானமாகப் பார்க்கலாம். ரூமை மாதக்கணக்கில் முன்பே பிடிக்க வேண்டும்.

விடியலில் பருத்திப்பால் வண்டி வரும். பருத்திக்கொட்டையை இரவு ஊறவைத்து அரைத்து, துணியில் இரண்டு மூன்று முறை பிழிந்த பால், கரைத்த அரிசிமாவு, கருப்பட்டி அல்லது வெல்லம், சுக்கு, ஏலக்காய், தேங்காய்ப்பூ. கிண்டுவதை நிறுத்தினால் அடிபிடித்துவிடும். கருகிய வாடை தெரிந்தால் அடுத்த வண்டிக்குப் போங்கள்.

அதைக் குடித்துவிட்டு மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்குக் கிளம்புங்கள். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மொட்டாகவே பறித்து மூட்டையாக வந்து இறங்கும். மார்க்கெட்டில் கிலோக் கணக்கு, தெருவில் முழக் கணக்கு. முழம் என்பது விற்கிறவர் கை. விரிந்த பூ ஊர் போய்ச் சேராது, மொட்டாகப் பார்த்து வாங்குங்கள். பிளாஸ்டிக் பையில் தண்ணீர் தெளித்துக் கட்டினால் புழுங்கிப் பழுப்பாகும். வாழை இலையில் சுற்றி, இலைமேல் மட்டும் ஈரத்துணி போடுங்கள். பகல் ரயில் ஏறினால், பொழுது சாய்ந்து நீங்கள் வீட்டில் பொட்டலத்தைப் பிரிக்கும் நேரத்துக்கு மொட்டு அவிழத் தொடங்கியிருக்கும்.