அந்த நட்சத்திரக் குறியைத் தேடிப் போனேன்

வணக்கம் மக்களே! இன்று அறிமுகம் எல்லாம் வேண்டாம், நேராக விஷயத்துக்கு வருகிறேன். இணைய இணைப்பும் கைப்பேசி சேவையும் சேர்த்து விற்கும் ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையை நேற்று படித்தேன். பெயர் வேண்டாம். எனக்கு இன்னும் கோபம் தணியவில்லை.

என் பழக்கம் உங்களுக்குத் தெரியும். தலைவரின் கடிதம், சிரித்த முகங்கள், மரம் நடும் படங்கள் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு இடர்கள் பகுதிக்குத்தான் முதலில் போவேன். அமெரிக்காவில் பங்குச்சந்தையில் உள்ள பெரும்பாலான கம்பெனிகள் 2005 இறுதியிலிருந்து ஆண்டறிக்கையில் அதை எழுதியே ஆக வேண்டும். எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி அது. ஆனால் "கடுமையான போட்டியைச் சந்திக்கிறோம்" என்ற வாக்கியத்தை மட்டும் யாராவது தடை செய்தால் நன்றாக இருக்கும். யார்தான் சந்திக்கவில்லை?

சரி, கோபத்துக்கு வருகிறேன். அட்டவணையில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள்: மாதாந்திர வாடிக்கையாளர் வெளியேற்றம், அதாவது மாதாமாதம் சேவையை விட்டுப் போகிறவர்கள், 2 சதவீதம். பக்கத்தில் ஒரு குட்டி நட்சத்திரம். அந்த நட்சத்திரம் நான்காவது குறிப்புக்கு அனுப்புகிறது. நான்காவது குறிப்பு, சொல் விளக்கத்தைப் பார்க்கவும் என்கிறது. சொல் விளக்கம் பின்னட்டைக்கு முந்தைய பக்கத்தில், பூதக்கண்ணாடி கேட்கும் எழுத்தில் இருக்கிறது. அங்கே போனால்: சேர்ந்து முதல் 30 நாட்களுக்குள் விலகியவர்களைக் கணக்கில் சேர்க்கவில்லையாம். பணம் கட்டாமல் நின்றுபோனவர்கள் 90 நாள் வரை சந்தாதாரர்கள்தானாம்!

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பீர்கள். கணக்கைப் பாருங்கள். 10 லட்சம் சந்தாதாரர்கள், புதிதாக யாரும் சேரவில்லை என்று வைத்துக்கொள்வோம். மாதம் 2 சதவீதம் பேர் போனால் ஒரு வருட முடிவில் மிஞ்சுபவர்கள் ஏறக்குறைய 7,85,000. கணக்கில் சேர்க்காமல் விட்டவர்களையும் சேர்த்து அது உண்மையில் 3 சதவீதம் என்றால் 6,94,000. காகிதத்தில் ஒரே ஒரு சதவீதம், ஆட்களாக எண்ணினால் தொண்ணூறாயிரத்துக்கு மேல்.

அதோடு முடியவில்லை. 2 சதவீதம் என்றால் ஒரு சந்தாதாரர் சராசரியாக 50 மாதம் இருப்பார். 3 சதவீதம் என்றால் 33 மாதம். விளம்பரம், முகவர் கமிஷன், தள்ளுபடியில் கொடுத்த போன், வீட்டுக்கு இழுத்த கேபிள் எல்லாம் சேர்த்து ஓர் ஆளைப் பிடித்த செலவு திரும்பி வர 20 மாதம் ஆகிறது என்று வையுங்கள். முதல் கணக்கில் 30 மாத லாபம் கிடைக்கும், இரண்டாவதில் வெறும் 13. கம்பெனியின் உயிரே இந்த எண்ணில் இருக்கிறது, அதைக் கொண்டுபோய் பின்னட்டையில் ஒளிக்கிறார்கள்.

இந்தத் தொழிலின் பெரிய ஆபத்து என்று நான் நினைப்பதும் இதுதான். செலவு மொத்தமாக முன்னாலேயே போய்விடும், வரவு மாதாமாதம் துளித்துளியாக வரும், போன் நம்பரை மாற்றாமலே வேறு கம்பெனிக்குப் போகும் வசதி வாடிக்கையாளர் கையில் இருக்கும். எவ்வளவு முன்னால் போகும் என்பதற்கு 2000ஆம் ஆண்டில் 3ஜி கைப்பேசி சேவைக்கான அலைக்கற்றை உரிமங்களை ஏலம் விட்டதைப் பாருங்கள். பிரிட்டனில் ஐந்து உரிமங்கள் 2,200 கோடி பவுண்டுக்கு மேல் போயின. ஜெர்மனியில் ஆறு உரிமங்கள், 5,000 கோடி யூரோவுக்கு மேல். அதில் மொபில்காம் என்ற ஒரே கம்பெனி மட்டும் 800 கோடி யூரோவுக்கு மேல் கொடுத்தது. கொடுத்துவிட்டு, 3ஜி சேவையைத் தொடங்காமலே 2003இல் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தது. பணம் திரும்பி வரவில்லை.

காசு கொடுத்தால் அலைக்கற்றை நம்முடையது என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் கம்பியில்லா இணைய நெட்வொர்க் கட்டக் கிளம்பிய லைட்ஸ்குவேர்ட் கம்பெனியின் கதை ஞாபகம் இருக்கிறதா? அவர்களுடைய சிக்னல் ஜிபிஎஸ் கருவிகளுக்கு இடைஞ்சல் தரும் என்று 2012 பிப்ரவரியில் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் முன்பு காட்டிய பச்சைக்கொடியைத் திரும்பப் பெறக் கிளம்பியது. மே மாதம் கம்பெனி திவால் மனு போட்டது.

அடுத்தது நெட்வொர்க் படுத்துக்கொள்வது. கனடாவில் இணையமும் கைப்பேசி சேவையும் விற்கும் ரோஜர்ஸ் கம்பெனி, 2022 ஜூலை 8. மையப் பிணையத்தில் பராமரிப்பு வேலை நடந்தபோது வழித்தகவலை அளவோடு விடும் ஒரு வடிகட்டியை நீக்கிவிட்டார்கள், தரவு எந்த வழியில் போக வேண்டும் என்று முடிவு செய்யும் ரூட்டர்களுக்குள் வெள்ளம்போல வழித்தகவல் பாய்ந்து எல்லாம் முடங்கியது. 1.2 கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள், கடைகளில் டெபிட் அட்டை, அவசர அழைப்பு, எல்லாமே பாதிப்பு. என்னைத் தூக்கிவாரிப்போட்ட விஷயம் வேறு. பழுது பார்க்க வேண்டிய ஊழியர்களின் போன்களும் அதே நெட்வொர்க்! ஒருவரை ஒருவர் கூப்பிடவே திணறினார்கள். கம்பி இணையமும் கைப்பேசியும் ஒரே மையத்தில் ஓடியதால்தான் இரண்டும் சேர்ந்து விழுந்தன. "ஒருங்கிணைந்த சேவை" என்று விளம்பரத்தில் பெருமையாகப் போடுவார்கள் இல்லையா, இடர்கள் பகுதியில் அதற்கு இன்னொரு முகம் இருக்கிறது. அதன் பிறகு அந்த இரண்டையும் பிரிப்பதாக ரோஜர்ஸ் அறிவித்தது.

ஒரு நிமிஷம், முன்னாலேயே சொல்ல வேண்டியதை விட்டுவிட்டேன். மெட்ரிகாம்! எனக்கு ரொம்பப் பிடித்த கம்பெனி. அமெரிக்காவில் ரிக்கோஷே என்ற பெயரில் தெருவிளக்குக் கம்பங்களில் சின்னச் சின்னப் பெட்டிகளை மாட்டி, கம்பியில்லா இணையம் கொடுத்தார்கள். போன் கம்பி வழியாக வந்த டயல்-அப் இணையம் நொடிக்கு 56 கிலோபிட்டில் முனகிக்கொண்டிருந்த காலத்தில் இது 128. தொழில்நுட்பம் அருமை. வல்கன் என்ற முதலீட்டு நிறுவனமும் எம்சிஐ வேர்ல்ட்காம் என்ற தொலைத்தொடர்பு கம்பெனியும் சேர்ந்து 60 கோடி டாலர் போட்டன. 2001 ஜூலையில் திவால் மனு போட்டபோது சந்தாதாரர்கள் சுமார் 50,000 பேர்தான். ஊர் ஊராகப் பெட்டி மாட்டிவிட்டார்கள், ஆனால் அந்தச் செலவைத் தாங்கும் அளவுக்கு ஆட்கள் வரவில்லை. நல்ல சரக்கு இருந்தால் போதும் என்று கமெண்டில் எழுதுகிறவர்கள் இதைக் கொஞ்சம் படியுங்கள்.

கருவி விற்பவர் பிரச்சினையைச் சீக்கிரமாகச் சொல்லிவிடுகிறேன். 2027 இறுதிக்குள் 5ஜி நெட்வொர்க்கிலிருந்து சீனக் கம்பெனியான ஹுவாவேயின் கருவிகளை எடுத்துவிட வேண்டும் என்று பிரிட்டன் அரசு 2020 ஜூலையில் சொல்லிவிட்டது. நன்றாக ஓடும் கருவியைக் கழற்றி வேறொன்று மாட்ட வேண்டும். அதனால் ஒரு சந்தாதாரர்கூடக் கூடப்போவதில்லை.

இனி நான் படித்த அறிக்கையின் கடைசி விஷயம். கடன்கள் எந்தெந்த ஆண்டில் முதிர்கின்றன என்ற அட்டவணை ஒரு மூலையில் இருக்கிறது. அலைக்கற்றை உரிமங்கள் எப்போது புதுப்பிக்கப்பட வேண்டும் என்ற அட்டவணை வேறொரு மூலையில். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கடனில் பெரிய பங்கும் முக்கியமான உரிமமும் ஒரே ஆண்டில் வருகின்றன. பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் வாங்க வேண்டிய அதே நேரத்தில் உரிமத்துக்கும் பணம் புரட்ட வேண்டும், வட்டி அப்போது எங்கே நிற்குமோ. இடர்கள் பகுதி முழுக்க இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, ஆனால் போட்டியைப் பற்றி மூன்று பத்தி!

உங்களிடம் இந்தத் துறைப் பங்கு ஏதாவது இருந்தால் அந்த இரண்டு அட்டவணைகளையும் எடுத்துப் பாருங்கள், என்ன ஆண்டு வருகிறது என்று கீழே எழுதுங்கள். அடுத்த வீடியோ கோபுர வாடகை ஒப்பந்தங்களைப் பற்றி.