சவானா டவுன்டவுன்ல வீடு எடுக்கலாமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

இந்தத் தடவை வந்த கேள்விகள்ல ஒண்ணு மண்டைக்குள்ளயே சுத்திக்கிட்டு இருக்கு. அதனால வரிசையை மாத்தி அதையே முதல்ல எடுத்துக்கறேன். எழுதினவங்க ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துல இருக்காங்க. வீட்டுக்காரருக்கு அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலத்துல, எல்லபெல்ல இருக்கற ஹூண்டாய் ஆலைக்கு மாற்றல். நெட்ல தேடி, சவானா நகரத்துல ஃபோர்சைத் பார்க் பக்கத்துல ஒரு வாடகை வீட்டைப் பார்த்து வச்சிருக்காங்க. பெரிய பெரிய ஓக் மரம், கிளை பூரா சடை மாதிரி தொங்கற அந்தச் சாம்பல் பாசி, பார்க்குக்கு நடுவுல 1858ல வச்ச வெள்ளை நீரூற்று. யாருக்குத்தான் பிடிக்காது? ஆனா வாட்ஸ்அப் குரூப்ல, "டவுன்டவுன் பக்கமே போகாதீங்க, ஆபத்து, பேசாம பூலர்ல எடுங்க"ன்னு எல்லாரும் மிரட்டறாங்களாம். பூலர்ங்கறது சவானாவுக்குப் பக்கத்துல இருக்கற புறநகர். ஏஜென்ட்கிட்ட "அந்த ஏரியா சேஃபா?"ன்னு கேட்டா அவர் மழுப்பறாராம். "இவருக்கு நைட் ஷிஃப்ட் வரும், நானும் ரெண்டு பொண்ணுங்களும் தனியா இருப்போம், என்ன செய்யலாம் அக்கா?"ன்னு கேட்டிருக்காங்க.

முதல்ல அந்த ஏஜென்ட்டை விட்டுடுங்க, பாவம். இங்க 1968ல ஒரு வீட்டுவசதிச் சட்டம் வந்துச்சு. நிறம், மதம், பிறந்த நாடு இதெல்லாம் பார்த்து ஒருத்தரை ஒரு தெருப் பக்கம் தள்ளறதோ, இன்னொரு தெருவுக்கு வரவிடாம பண்றதோ குத்தம். "இது நல்ல ஏரியா, அது மோசம்"னு ஏஜென்ட் வாயைத் திறந்தா அதுவும் இந்தக் கணக்குல வந்துடுமோன்னு பயம். லைசென்ஸ் போயிடும்ல. அதனால "குத்தம் நடந்த இடத்தைக் காட்டற போலீஸ் மேப் பாருங்க, நேர்ல போய்ப் பாருங்க"ன்னு சொல்லிட்டு ஒதுங்கிக்குவாங்க.

சரி, மேப்பைத் திறந்தா டவுன்டவுன் பூரா புள்ளி புள்ளியா இருக்கும். பார்த்த உடனே வயித்தைக் கலக்கும். ஆனா ஒண்ணு யோசிங்க. சவானாவோட ஜனத்தொகை 2020 கணக்குல சுமார் 1,48,000. வருஷத்துக்கு வந்து போற டூரிஸ்ட் லட்சக்கணக்குல. டூரிஸ்ட்டோட பை திருட்டுப் போனாலும், பார் வாசல்ல ரெண்டு பேர் அடிச்சிக்கிட்டாலும், குத்தம் அந்த ஏரியா கணக்குல ஏறிடும். ஆனா அந்த டூரிஸ்ட் ஜனத்தொகையில இல்ல. ஆளுக்கு இத்தனை குத்தம்னு வகுத்தா அந்த இடம் பயங்கரமா தெரியாம என்ன செய்யும்? இன்னொண்ணு, பழைய நகரத்துக்குள்ள கையில பிளாஸ்டிக் கப்புல பீர் வச்சுக்கிட்டு ரோட்ல நடக்கலாம், சட்டமே அனுமதிக்குது. அந்த அனுமதி தெக்குப் பக்கம் ஜோன்ஸ் தெருவோட முடிஞ்சுடும். ஃபோர்சைத் பார்க் அதுக்கும் தெக்கே இருக்கு. பார் கூட்டத்தோட புள்ளிகள் வேற, உங்க வாசலோட புள்ளிகள் வேற.

அதனாலதான் தொண்டை கிழியச் சொல்றேன். ரெகுலரா பார்க்கறவங்க சிரிப்பீங்க, சார்ல்ஸ்டன் பத்திப் பேசினப்பவும் சொன்னேன், நியூ ஆர்லியன்ஸ்க்கும் இதையேதான் சொன்னேன்: ஏரியாவைக் கேக்காதீங்க, தெருவைக் கேளுங்க. அதுலயும் எந்த பிளாக், எந்த நேரம்னு கேளுங்க. தென் மாநிலத்துப் பழைய ஊர்கள்ல ஒரு ரோட்டைத் தாண்டினா ஊரே மாறிடும். அதுக்குக் காரணம் இருக்கு. அடிமைக் காலத்துல மாளிகை முன்னாடி இருக்கும், அதே மனையில பின்னாடி, சந்துப் பக்கம் பார்த்த மாதிரி அடிமைகள் குடியிருப்பு இருக்கும். சவானாவுல இப்போ மியூசியமா இருக்கற ஓவன்ஸ்-தாமஸ் வீட்டுக்குப் போனா அதை அப்படியே கண்ணால பார்க்கலாம். அப்புறம் மேற்குப் பக்கம் வாங்க. இன்னிக்கு மார்ட்டின் லூதர் கிங் பேரு இருக்கற ரோடு, அன்னிக்கு வெஸ்ட் பிராட் தெரு. கறுப்பின மக்களோட கடை, பேங்க், ஹோட்டல்னு ஜேஜேன்னு இருந்த இடம். 1960கள்ல அங்க இருந்த யூனியன் ஸ்டேஷனை இடிச்சு, ஐ-16 ஹைவேயோட ஃப்ளைஓவரை அந்தத் தெரு மேலயே இறக்கினாங்க. வியாபாரம் படுத்துருச்சு. அங்க ஒரு சிவில் உரிமை மியூசியம் இருக்கு, அது இருக்கற கட்டடமே ஒரு காலத்துல கறுப்பினத்தவரோட பேங்க். பொண்ணுங்களைக் கூட்டிட்டுப் போங்க. இதைத் தெரிஞ்சுக்கிட்டா, "அந்தப் பக்கம் போகாதே"ன்னு குரூப்ல சொல்றவங்க திருட்டைப் பத்திச் சொல்றாங்களா, இல்ல அங்க குடியிருக்கற ஆளோட நிறத்தைப் பத்திச் சொல்றாங்களான்னு நீங்களே பிரிச்சுப் பார்த்துக்கலாம். நம்மாளுங்க இதுல ரொம்ப மோசம், சொல்லித்தான் ஆகணும்.

நாங்க பார்க்குக்குத் தெக்கே ஒரு தெருவுல குடியிருந்தப்ப எதிர் வீட்ல ஒரு கறுப்பினப் பாட்டி. சாயங்காலம் ஆனா வராண்டாவுல நாற்காலி போட்டு உக்காந்துருவாங்க. எந்தக் கார் யாரோடது, எது வெளியூர் கார், எல்லாம் அவங்களுக்கு அத்துப்படி. ஒரு நாள் எங்க வீட்டுக்காரர் காரை நிறுத்திட்டு உள்ள வந்துட்டார். பாட்டி படியிறங்கி வந்து கதவைத் தட்டி, "தம்பி, உள்ள லைட் எரியுது, கதவும் சரியா சாத்தல, போய்ப் பூட்டு"ங்கறாங்க. அவர் "நாலு தடவை பூட்டிட்டேன்"ங்கறார். பாட்டி நகரவே இல்ல, அவர் போய்ப் பூட்டற வரைக்கும் நின்னு பார்த்துட்டுத்தான் போனாங்க. எந்த கேமராவும் இந்த வேலை செய்யாது.

அந்தப் பூட்டு விஷயம் சாதாரணமில்ல. ஜார்ஜியாவுல 2022ல இருந்து லைசென்ஸ் இல்லாமலே துப்பாக்கியை மறைச்சு வச்சுக்கிட்டுப் போகலாம். பாதிப் பேர் அதைக் கார்லயே போட்டுட்டுப் போயிடறாங்க. திருடன் கண்ணாடியைக்கூட உடைக்கறதில்ல, தெரு நெடுக ஒவ்வொரு கார் கைப்பிடியா இழுத்துப் பார்த்துக்கிட்டே போவான். எது திறக்குதோ அது. கார்ல இருந்து திருட்டுப் போன துப்பாக்கியில பெரும்பாலானது பூட்டாத கார்ல இருந்துதான் போகுதுன்னு சொல்லி, சவானா நகர மன்றம் 2024ல சட்டமே போட்டுச்சு: பூட்டாத கார்ல துப்பாக்கியை விட்டா 1,000 டாலர் வரை அபராதம். மாநில சட்டத்துக்கு இது ஒத்துவராதுன்னு அட்டர்னி ஜெனரல் எதிர்த்தார், அது தனிக் கதை. உங்களுக்கு வேண்டியது, கார்ல ஒரு சார்ஜர் வயர்கூட கண்ணுல படக்கூடாது, பூட்டாம நகரக்கூடாது. பூலர்ல இருந்தாலும் இதேதான். அபார்ட்மென்ட் பார்க்கிங்தான் இப்படிக் கைப்பிடி இழுக்கறவனுக்கு ரொம்ப வசதி.

நேர்ல வந்தா என்ன பார்க்கணும்? பகல்ல ஒரு தடவை, ராத்திரி பத்து மணிக்கு மேல ஒரு தடவை, நடந்து போங்க, கார்ல போகாதீங்க. நடைபாதை ஓரமா குனிஞ்சு பாருங்க. கல்கண்டு மாதிரி பச்சை நிறத்துல உடைஞ்ச கண்ணாடித் தூள் கிடக்குதா? அது கார் கண்ணாடி. ஒரு இடத்துல இருந்தா பரவால்ல, பிளாக் நெடுக இருந்தா வேண்டாம். வீட்டுக்குப் பின்னாடி சந்து இருக்கும், குப்பைத் தொட்டியும் கார் நிறுத்தற இடமும் அங்கதான். ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு வர்ற ஆள் அந்த இருட்டுச் சந்துலதான் இறங்கணும், விளக்கு இருக்கான்னு பாருங்க. இந்த வீடுகள்ல முன்வாசல் உயரமான படி ஏறிப் போகும். படிக்குக் கீழ, தரையோட தரையா இருக்கறதை "கார்டன் அபார்ட்மென்ட்"னு வாடகைக்கு விடுவாங்க. வாடகை குறைச்சல், ஜன்னலுக்குக் கம்பி போட்டிருப்பாங்க. அந்தக் கம்பி உள்ள இருந்து திறக்குதான்னு கையால திறந்து பாருங்க. தீப்பிடிச்சா அதுதான் வழி.

ஆனா, எங்கிட்ட நீங்க கேட்டிருக்க வேண்டியது வேற. திருடனைக் கேட்டீங்க, தண்ணியைக் கேக்கலையே? அந்தக் கார்டன் அபார்ட்மென்ட்டுக்குள்ள திருடன் வர்றதுக்கு முன்னாடி மழைத் தண்ணி வந்துரும். கடல் ஏத்தமா இருக்கற நேரத்துல கனமழை பேஞ்சா, வடிகாலுக்குப் போக வழியில்லாம தெருவுலயே தேங்கும். வேடிக்கை என்னன்னா, "ஆபத்து ஆபத்து"ன்னு சொல்ற டவுன்டவுன்தான் மேடு. 1733ல இந்த ஊரை உருவாக்கின ஆங்கிலேயர் ஓகல்தார்ப் வந்து எறங்கினப்ப, ஆத்துக்கு மேல சுமார் 40 அடி உயரமா இருந்த கரையாப் பார்த்துத்தான் ஊரைக் கட்டினார். பின்னாடி தீவுகள்லயும் சதுப்பு ஓரமாவும் கட்டின புது வீடுகள் நிறைய அதைவிடத் தாழ்வு. 2016 அக்டோபர்ல மேத்யூ புயல் வந்தப்ப டைபி தீவுக்குப் போற ஒரே ரோடும் முழுகிருச்சு. ஊரையே காலி பண்ணச் சொன்னாங்க. ஐ-16ஐ ரெண்டு பக்கமும் மேற்கே போறதுக்கு மட்டும்னு திருப்பி விட்டாங்க. ஆமா, வெஸ்ட் பிராட் தெருவை முடிச்ச அதே ஐ-16தான். உங்க வீட்டுக்காரர் தினம் வேலைக்குப் போறதும் அதே ரோடுதான்.

அதனால வீட்டு ஓனர்கிட்ட ரெண்டே கேள்வி. இந்த வீட்டுக்குள்ள எப்பவாவது தண்ணி வந்திருக்கா? புயல் வந்தா காலி பண்ணச் சொல்றதுக்காக ஊரைப் பிரிச்சு வச்சிருக்கற வெளியேற்ற மண்டலத்துல இது எது, ஏ-வா, பி-யா, சி-யா? பதிலை ஈமெயில்ல எழுதி வாங்கிக்கோங்க. சாதாரண வாடகை இன்சூரன்ஸ் வெள்ளத்துக்குக் காசு தராது. அரசாங்க வெள்ளக் காப்பீட்டை வாடகைக்கு இருக்கறவங்களும் சாமானுக்கு மட்டும் எடுக்கலாம், ஆனா பொதுவா பணம் கட்டின 30 நாள் கழிச்சுத்தான் அது செல்லும். புயல் சீசன் ஜூன் 1ல தொடங்குது. அப்போ ஏப்ரல் கடைசிக்குள்ள கட்டிடுங்க. ஸ்கூல் பத்தியும் கேட்டிருந்தீங்க, அதை அடுத்த வாரம் தனியா பேசறேன். இப்போ அடுத்த கேள்விக்குப் போவோம்.