நிலம் இல்லாத ஆணையம்

வணக்கம் நேயர்களே.

மூடிப்போன நிலக்கரிச் சுரங்கத்தைச் சுற்றுலா இடமாக்குவது என்றால் கட்டடத்துக்கு வெள்ளையடிப்பது, வாசலில் ஒரு தகவல் பலகை நடுவது, டிக்கெட் கிழிப்பது என்றுதான் மனசில் படம் ஓடும். அந்தப் பலகையில் என்ன எழுதலாம், எதை விட்டுவிடலாம், அதை முடிவு செய்யும் அறையில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது யாருக்கும் பெரிதாகத் தோன்றுவதில்லை. இன்று அந்த அறையைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அது இருப்பது அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், தெற்குப் பக்கத்து மலைகளில்.

அப்பலாச்சிய மலைகள் அங்கே நெருங்கி நிற்கும். இரண்டு மலைகளுக்கு நடுவே ஓடை. ஓடையை ஒட்டி ரயில் பாதை, அப்புறம் ரோடு, மிச்சமிருக்கும் இடுக்கில் வரிசை வீடுகள். 1870களிலும் 80களிலும் ரயில் உள்ளே நுழைந்ததும் நிலக்கரி வெளியே வர ஆரம்பித்தது. வெட்டுவதற்கு ஆட்கள் இத்தாலியிலிருந்தும் ஹங்கேரியிலிருந்தும் வந்தார்கள். தென் மாநிலங்களிலிருந்து கறுப்பினத்தவர்களும் வந்தார்கள். குடியிருந்த வீடு கம்பெனியுடையது. கடை, டாக்டர், பல ஊர்களில் கோயிலும் பள்ளிக்கூடமும்கூட கம்பெனியுடையவைதான். கூலியில் ஒரு பகுதியைக் கம்பெனி அச்சடித்த உலோக வில்லைகளாகவே கொடுத்தார்கள். அந்த வில்லைகளை இப்போது அருங்காட்சியகங்களில் பார்க்கலாம். பலவற்றில் நடுவே கம்பெனிப் பெயரின் எழுத்தை ஓட்டையாக வெட்டியிருப்பார்கள். வெளியூர்க் கடையில் அதை நீட்டினால் முழு மதிப்பு கிடைக்காது. கம்பெனி கடைக்குத்தான் திரும்ப வேண்டும்.

இன்னொரு பித்தளை வில்லையும் உண்டு. அதில் எண் மட்டும் இருக்கும். தொழிலாளி தான் நிரப்பிய நிலக்கரி வண்டியில் அதை மாட்டிவிடுவார். வண்டி மேலே போய் எடைபோட்டதும் அந்த எண்ணின் கணக்கில் கூலி ஏறும். எடை போடுபவர் கம்பெனி ஆள். கல் கலந்திருக்கிறது என்று கழிப்பார், குறைத்து எழுதுவார் என்பது தொழிலாளிகளின் தீராத புகார். 1912இல் பெயின்ட் கிரீக், கேபின் கிரீக் பள்ளத்தாக்குகளில் வேலைநிறுத்தம் வெடித்தபோது அவர்கள் கேட்டவற்றில் ஒன்று, தராசுப் பக்கத்தில் எங்கள் ஆள் ஒருவரும் நிற்க வேண்டும் என்பது. நிர்வாகம் பற்றிப் பல புத்தகங்கள் சுற்றி வளைத்துச் சொல்வதை அந்த ஒரு கோரிக்கை நேராகச் சொல்லிவிடுகிறது என்பது என் எண்ணம். இதற்கு மறுபடி வருகிறேன்.

இயந்திரங்கள் வந்தன, ஆட்கள் குறைந்தார்கள். மெக்டவல் என்று ஒரு கவுண்டி. கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி, ஆனால் சின்னது. 1950இல் அங்கே கிட்டத்தட்ட 99 ஆயிரம் பேர் இருந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் 19 ஆயிரம் பேர். கடைத்தெரு காலி, பள்ளிக்கூடம் காலி. மிச்சம் இருந்தது வரலாறு. சரி, அதை வைத்தாவது பிழைப்போம் என்ற யோசனை அங்கிருந்துதான் வந்தது.

1996இல் அமெரிக்க நாடாளுமன்றம் தெற்கு மேற்கு வர்ஜீனியாவை தேசிய நிலக்கரிப் பாரம்பரியப் பகுதி என்று அறிவித்தது. பெயர் பெரிது. ஆனால் ‘பாரம்பரியப் பகுதி’ என்பது தேசியப் பூங்கா அல்ல. பூங்கா என்றால் நிலம் அரசுடையது, வனக்காவலர் இருப்பார், விதிகள் இருக்கும். பாரம்பரியப் பகுதியில் வாஷிங்டன் ஒரு சென்ட் நிலம்கூட வாங்குவதில்லை, யாருடைய சொத்தின்மீதும் கட்டுப்பாடு போடுவதில்லை. கொஞ்சம் பணம், கொஞ்சம் ஆலோசனை, அவ்வளவுதான். இதை நடத்த மாநிலம் பின்னர் சட்டப்படி ஒரு ஆணையத்தை அமைத்தது. அதன் எல்லை இன்று 13 கவுண்டிகளைத் தொடுகிறது.

இந்த ஆணையத்தின் தலைவர் நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பகுதியின் பெருமைமிக்க இடங்கள் எவை? பெக்லி நகரத்தில் கண்காட்சிச் சுரங்கம். 1962 முதல் பயணிகளை உள்ளே அழைத்துப் போகிறார்கள். பழைய சுரங்கத் தொழிலாளிகளே வழிகாட்டிகள். வெளியே என்ன வெயில் அடித்தாலும் உள்ளே 14 டிகிரிக்குப் பக்கம்தான், ஸ்வெட்டர் இல்லாமல் போனால் நடுங்க வேண்டியதுதான். அது பெக்லி நகராட்சியுடையது. கிம்பால் என்ற சிற்றூரில் ஒரு போர் நினைவு மண்டபம். முதல் உலகப் போரில் பணியாற்றிய கறுப்பின வீரர்களுக்காக 1928இல் திறந்தது, அமெரிக்காவிலேயே இந்த வகையில் முதலாவது. 1991இல் தீப்பிடித்து எரிந்து, பிறகு மீட்டெடுத்தார்கள். அதுவும் உங்களுடையது அல்ல. நியூ ரிவர் பள்ளத்தாக்கில் நட்டல்பர்க் என்ற சுரங்கம், ஒரு காலத்தில் ஹென்றி ஃபோர்டு குத்தகைக்கு எடுத்தது. அது தேசியப் பூங்காத் துறையிடம். பல கம்பெனி கடைக் கட்டடங்கள் தனியார் கையில். மலைகளின் பெரும்பகுதி, வெளியூரில் அலுவலகம் வைத்திருக்கும் நிலக் கம்பெனிகளிடம்.

ஆக, நீங்கள் தலைவர்; ஆனால் சாவி ஒன்றும் உங்களிடம் இல்லை. யாருக்கும் உத்தரவு போட முடியாது. கேட்கலாம், கெஞ்சலாம், பணம் கொடுத்து இழுக்கலாம்.

அந்தப் பணத்துக்கும் ஒரு நிபந்தனை உண்டு. வாஷிங்டன் ஒரு டாலர் கொடுத்தால் உள்ளூரில் ஒரு டாலர் திரட்டிக் காட்ட வேண்டும். காசாக இல்லாவிட்டால் உழைப்பாகக் காட்டலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சனிக்கிழமை முழுக்க அருங்காட்சியகத்தில் உட்கார்ந்தால் அந்த மணிநேரத்துக்கு மதிப்புப் போட்டுக் கணக்கில் சேர்க்கலாம். அதனால் இப்படிப்பட்ட ஆணையங்களின் அன்றாட வேலையில் பெரும் பங்கு, யார் எத்தனை மணி நேரம் வந்தார் என்று கையெழுத்து வாங்கிக் கோப்பில் போடுவதுதான். கேட்கச் சலிப்பாக இருக்கும். ஆனால் அந்தத் தாள் தொலைந்தால் மண்டபத்தின் கூரைக்குப் பணம் வராது.

இதில் எனக்கு ஒரு சங்கடம் தெரிகிறது. உள்ளூர்ப் பங்கை யார் போட முடியும்? கவுண்டி நிர்வாகம். அதன் வருமானத்தில் ஒரு பகுதி, வெட்டி எடுக்கும் நிலக்கரிமீது மாநிலம் போடும் வரியிலிருந்து வருகிறது. நிலக்கரி படுத்தால் வரி படுக்கும். அதாவது, பாரம்பரியத்தைக் காப்பாற்ற எந்த ஊருக்கு அதிகம் பணம் வேண்டுமோ அந்த ஊரிடம்தான் சரிபாதி போடக் காசு இருக்காது. கொஞ்சம் வசதியான கவுண்டி திட்டத்தைத் தட்டிச்செல்லும். இதைக் கண்டுகொள்ளாத வாரியம், அதாவது ஆணையத்தை நடத்தும் குழு, தன்னை அறியாமலே ஏழை ஊர்களைக் கைவிட்டுவிடும். நலிந்த ஊர்களுக்கு ஆணையமே முன்வந்து வேறு வழியில் பங்கைத் திரட்டிக் கொடுக்க வேண்டும் என்பேன்.

இதே மலைகளில் மாநிலம் அமைத்த வேறொரு ஆணையமும் உண்டு, பரம்பரைப் பகைக்குப் பெயர்போன ஹேட்ஃபீல்டு, மெக்காய் என்ற இரண்டு குடும்பங்களின் பெயரில். அதுவும் 1996இல் பிறந்ததுதான். நாலு சக்கர மோட்டார் வண்டிகளில் சேற்றைக் கிழித்துக்கொண்டு மலையேறுவதற்கான பாதைகளை அது நடத்துகிறது. அதற்கும் சொந்த நிலம் கிடையாது, நிலக் கம்பெனிகளின் இடத்தில்தான் பாதைகள். எப்படிச் சம்மதித்தார்கள்? பயணி விழுந்து கை கால் உடைந்தால் நில உரிமையாளர்மேல் வழக்கு வராதபடி சட்டத்தில் பாதுகாப்பு கொடுத்தார்கள். வண்டி ஓட்டுபவரிடம் அனுமதிச் சீட்டுக் கட்டணம் வசூலிக்கிறார்கள். இது கெட்டிக்காரத்தனம், மறுக்க முடியாது. வார இறுதியில் அந்தச் சிற்றூர்களில் அறை கிடைக்காத அளவுக்குக் கூட்டம் வருவது பெரும்பாலும் இந்த வண்டிகளால்தான். நில உரிமையாளர் எதற்குப் பயப்படுகிறார் என்று கண்டுபிடித்து அந்தப் பயத்தை எடுத்துவிட்டார்கள். பாரம்பரிய ஆணையம் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் இது.

ஆனால் நில உரிமையாளருக்கு வழக்கைப் பற்றி மட்டும்தான் பயமா?

மேட்வான் என்ற ஊர், டக் ஃபோர்க் ஆற்றங்கரை. 1920 மே 19 அன்று, சங்கத்தில் சேர்ந்த தொழிலாளிகளைக் கம்பெனி வீடுகளிலிருந்து வெளியேற்ற தனியார் துப்பறியும் நிறுவனத்தின் ஆட்கள் வந்தார்கள். சட்டி பானை, கட்டில் எல்லாவற்றையும் தெருவில் தூக்கிப் போட்டார்கள். ஊர்ப் போலீஸ் தலைவர் சிட் ஹேட்ஃபீல்டு தொழிலாளிகள் பக்கம். ரயில் நிலையத்துக்கு அருகே துப்பாக்கிச் சண்டை. வந்தவர்களில் 7 பேர், தொழிலாளிகளில் 2 பேர், ஊர் மேயர் என 10 பேர் செத்தார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 1 அன்று வெல்ச் நகர நீதிமன்றப் படிக்கட்டில், மனைவியின் கண்ணெதிரே சிட் ஹேட்ஃபீல்டைச் சுட்டுக் கொன்றார்கள். அதே மாதக் கடைசியில் சுமார் பத்தாயிரம் தொழிலாளிகள், பலர் கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை கட்டிக்கொண்டு, துப்பாக்கியோடு பிளேர் மலையை நோக்கி நடந்தார்கள். லோகன் கவுண்டியின் காவல் தலைவரான ஷெரிஃபின் ஆட்கள் மலையுச்சியில் இயந்திரத் துப்பாக்கியோடு காத்திருந்தார்கள். விமானத்திலிருந்து குண்டுகூடப் போட்டார்கள். கடைசியில் ராணுவம் வந்தது. உலகப் போரில் அதே ராணுவச் சீருடை போட்டவர்கள் தொழிலாளிகளிலும் இருந்தார்கள். ராணுவத்தோடு மோத மனமில்லாமல் கலைந்தார்கள். பிறகு நூற்றுக்கணக்கானவர்கள்மேல் வழக்கு, சிலர்மேல் ராஜத்துரோகமே சுமத்தினார்கள்.

சுற்றுலாவுக்கு இதைவிட வலுவான கதை அந்தப் பகுதியில் இருக்க முடியுமா? ஆனாலும் அதற்கென்று தனி அருங்காட்சியகம் மேட்வானில் 2015இல்தான் திறந்தது. அதைத் திறந்தது உள்ளூர் ஆர்வலர்கள் கூடி அமைத்த ஒரு குழு. தொழிற்சங்கத்தின் ஆதரவும் அதற்கு உண்டு.

பிளேர் மலையின் கதை இன்னும் சிக்கல். 2009 மார்ச்சில் அந்தப் போர்க்களத்தைத் தேசிய வரலாற்று இடங்கள் பதிவேட்டில் சேர்த்தார்கள். தனியார் நில உரிமையாளர்களில் பெரும்பான்மையினர் ஆட்சேபித்தால் சேர்க்க முடியாது என்பது விதி. எண்ணிக்கையில் தவறு, ஆட்சேபித்தவர்கள்தான் அதிகம் என்று மாநிலம் சொல்ல, அதே டிசம்பரில் பதிவேட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். மலையுச்சியை வெடிவைத்துத் தகர்த்து நிலக்கரி எடுக்கும் திட்டங்கள் அந்த வட்டாரத்தில் இருந்த காலம் அது. பதிவேட்டில் பெயர் இருந்தால் அப்படிச் சுரங்கம் போடுவது கடினம். பாதுகாப்பு அமைப்புகள் நீதிமன்றம் போயின. நீக்கியது செல்லாது என்று 2016இல் தீர்ப்பு வந்தது. 2018இல்தான் மறுபடி பெயர் ஏறியது. ஒன்பது ஆண்டுப் போராட்டம், பட்டியலில் ஒற்றை வரிக்காக.

இப்போது வாரிய அறைக்கு வருவோம். நில உரிமையாளரின் தயவு இல்லாமல் உங்களுக்குப் பாதை இல்லை, மாநில அரசியலின் தயவு இல்லாமல் நிதி இல்லை. நிலக்கரித் தொழிலோ இன்னும் உயிரோடு இருக்கிறது. 2010 ஏப்ரலில் அப்பர் பிக் பிராஞ்ச் சுரங்க வெடிப்பில் 29 பேர் செத்தார்கள். வைட்ஸ்வில் ஊரில் இருக்கும் அந்த நினைவுச்சின்னமும் இந்தப் பகுதிக்குள்தான். இத்தனை பேரையும் பகைத்துக்கொள்ளாமல் பலகை எழுதச் சொன்னால் என்ன எழுதுவார்கள்? தொழிலாளி தொப்பியில் மாட்டிய கார்பைடு விளக்கு, கோவேறு கழுதை இழுத்த வண்டி, முதலாளிகளின் மாளிகை. எல்லாம் உண்மைதான், யாரையும் உறுத்தாத உண்மை. யாரும் சதி செய்ய வேண்டிய அவசியமே இல்லை. இப்படிப்பட்ட வாரியம் தானாகவே அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். மேற்கு வர்ஜீனியாவில் மட்டும் அல்ல, எங்கே அமைத்தாலும்.

ஜெர்மனியின் ரூர் பகுதியில் வேறு மாதிரி போனார்கள். எசென் நகரத்தின் சோல்வெரைன் சுரங்கம் 1986 டிசம்பரில் மூடியதும் மாநில அரசே இடத்தை வாங்கிவிட்டது. 1998இல் மாநிலமும் நகரமும் சேர்ந்து ஒரு அறக்கட்டளையை அமைத்து அதனிடம் ஒப்படைத்தன. 2001இல் யுனெஸ்கோ பட்டியலில் வந்தது. 53 ஊராட்சி, நகராட்சிகள் சேர்ந்த ரூர் வட்டாரக் கூட்டமைப்பு, தனித்தனி இடங்களைச் சுமார் 400 கிலோமீட்டர் தொழில் பாரம்பரியப் பாதையாகக் கோத்திருக்கிறது. அந்தக் கூட்டமைப்பின் மன்றத்தை 2020 முதல் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். இடம் அரசு கையில், வாக்கு மக்கள் கையில். அந்த அளவு பணம் அப்பலாச்சியாவில் இல்லை, பொதுச் சொத்து என்றாலே முகம் சுளிக்கும் ஊர் அது. அதனால் அப்படியே காப்பியடிக்கச் சொல்லமாட்டேன்.

ஆனால் செலவில்லாமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அன்று தொழிலாளிகள் தராசுப் பக்கத்தில் தங்கள் ஆளைக் கேட்டார்களே, அதுபோல வாரியத்தில் சில நாற்காலிகளைச் சட்டத்திலேயே ஒதுக்க வேண்டும். சுரங்கத் தொழிலாளர் சங்கத்துக்கு ஒன்று, விபத்தில் ஆளை இழந்த குடும்பங்களுக்கு ஒன்று, கிம்பால் மண்டபத்தைக் காப்பாற்றிய கறுப்பினச் சமூகத்துக்கு ஒன்று. விருந்தாளியாக அழைப்பது போதாது, ஓட்டுரிமை வேண்டும். நிதி ஒதுக்கும் குழு வேறாகவும், பலகையில் என்ன எழுதுவது என்று பார்க்கும் குழு வேறாகவும் இருக்க வேண்டும். பின்னதில் வரலாற்றாசிரியர்கள் பெரும்பான்மையாக இருக்கட்டும். பணம் கொடுப்பவர் வாசகத்தைத் திருத்தச் சொன்னால் அந்தக் கடிதம் பொதுக் கோப்பில் போக வேண்டும்.

2023 ஜனவரியில் கையெழுத்தான சட்டம் நாட்டின் பல பாரம்பரியப் பகுதிகளுக்கு இன்னும் 15 ஆண்டுகள் நிதி பெறும் தகுதியைக் கொடுத்திருக்கிறது. அங்கே சுரங்கத்தில் வேலை செய்த தலைமுறைக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. பெக்லியில் நிலத்தடியில் விளக்கைத் தூக்கிக் காட்டும் வழிகாட்டிகளும் அதில் அடக்கம். நாற்காலிகளை ஒதுக்குவதென்றால் இந்தத் தவணைக்குள்ளேயே ஒதுக்கியாக வேண்டும்.

வாய்ப்புக் கொடுத்த வானொலி நிலையத்துக்கும் பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும் நன்றி. வணக்கம்.