"வலி மாத்திரை எனக்கு ஒத்துக்காதுங்க"

எல்லோருக்கும் வணக்கம். முன்வரிசையில் செவிலியர்களும் பின்னால் பயிற்சி மருத்துவர்களும் உட்கார்ந்திருக்கிறீர்கள். நோயாளியின் கேஸ் ஷீட்டில் ஒவ்வாமைக் கட்டத்தை நிரப்புவது பெரும்பாலும் நீங்கள்தான். அதனால் இன்றைக்கு அந்தச் சின்னக் கட்டத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

"வலி மாத்திரை எனக்கு ஒத்துக்காதுங்க" என்று நோயாளி சொல்வார். நாம் உடனே சிவப்பு மையில் "வலி நிவாரணி ஒவ்வாமை" என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். நானும் பல வருடம் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு வரி என்னிடமே திரும்பி வந்தது. அந்தக் கதை பிறகு.

'ஒத்துக்காது' என்றால் என்ன? பலருக்கு அது வயிற்றெரிச்சலாக இருக்கும். அது பக்கவிளைவு, ஒவ்வாமைக் கணக்கில் வராது. வைரஸ் காய்ச்சலின்போது மாத்திரை போட்டு, காய்ச்சலே கொண்டுவந்த தடிப்புக்கு மாத்திரைமேல் பழி போட்டவர்களும் உண்டு. அதனால் நோயாளியிடம் கேளுங்கள்: எந்த மாத்திரை, போட்டு எவ்வளவு நேரத்தில் வந்தது, தோலில் என்ன தெரிந்தது, எத்தனை நாள் இருந்தது?

அடிக்கடி பார்ப்பது காணாக்கடி. மாத்திரை போட்ட சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் அரிப்போடு தடித்துக் கிளம்பும். சிலருக்கு உதடும் கண் இமையும் வீங்கும். ஒரு தடிப்பு பொதுவாக 24 மணி நேரத்துக்குமேல் ஒரே இடத்தில் நிற்காது. சந்தேகம் இருந்தால் ஒரு தடிப்பைச் சுற்றி பேனாவால் வட்டம் போட்டுவிட்டு மறுநாள் பாருங்கள். காணாக்கடி என்றால் வட்டம் மட்டும் இருக்கும், தடிப்பு வேறெங்காவது போயிருக்கும். வட்டத்துக்குள்ளேயே கருத்துப்போய் நின்றால் வேறு நோயை யோசிக்க வேண்டும். நம்மிடம் வந்து சேர்வதற்குள் மறைந்துவிடும் என்பதால், கைபேசியில் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது வகை, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் மருந்துத் தடிப்பு. எனக்குப் பிடித்தமானது, நோயாளி மன்னிக்கட்டும். ஒருவர் கட்டைவிரலின் பின்பக்கத்தைக் காட்டினார். நாணயம் அளவில், விளிம்பு கத்தரித்தாற்போல, கருஞ்சிவப்பில் ஒரு வட்டம். "போன தடவையும் இதே இடம்தான் சார்" என்றார். தலைவலி வரும்போதெல்லாம் ஒரே மாத்திரை, வட்டமும் ஒரே இடம். ஆறினாலும் கறுப்புத் தழும்பு சீக்கிரம் போகாது. உதட்டிலோ பிறப்புறுப்பிலோ வந்தால் பலர் வெட்கப்பட்டு வெளியே சொல்வதே இல்லை. நாமாகக் கேட்டால்தான் தெரியும்.

மூன்றாவதை வேகமாகச் சொல்கிறேன், ஆனால் மறக்கக்கூடாது. மருந்து தொடங்கி 4 முதல் 28 நாளுக்குள் காய்ச்சல், அரிப்பைவிடத் தோலில் வலி, வாய்ப்புண், கண் சிவப்பு, கொப்புளம். இது தோல் உரிந்து உயிருக்கே ஆபத்தாகும் ஸ்டீவன்ஸ் ஜான்சன் நோயாக இருக்கலாம். மருந்தை அந்த நிமிடமே நிறுத்தி, பெரிய மருத்துவமனைக்கு அனுப்புங்கள். அந்த மருந்தைப் பரிசோதனைக்காகக்கூட வாழ்நாளில் மறுபடி கொடுக்கக்கூடாது.

சரி, காணாக்கடிக்குத் திரும்புவோம். ஆஸ்பிரின் போன்றவை, வலியையும் வீக்கத்தையும் தூண்டும் புராஸ்டாகிளாண்டின் என்ற பொருளின் உற்பத்தியை உடம்பில் தடுக்கின்றன என்று பிரிட்டிஷ் மருந்தியலாளர் ஜான் வேன் 1971-இல் காட்டினார்; 1982-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நம் கதைக்குச் சாவி அதில் இருக்கிறது. புராஸ்டாகிளாண்டினை உண்டாக்கும் காக்ஸ்-1 நொதி அடைபட்டால், அரிப்பைக் கிளப்பும் மாஸ்ட் செல்களை அடக்கிவைக்கும் புராஸ்டாகிளாண்டின் குறைகிறது, வீக்கத்தைக் கிளப்பும் லுகோட்ரையீன் கூடுகிறது. சிலருடைய உடம்பு இந்த மாற்றத்தைத் தாங்குவதில்லை. அவர்களுக்கு ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் மூன்றுமே ஒன்றுதான். புதிய பெயரில் முதல் தடவை போட்டாலும் தடிக்கும். நாள்பட்ட காணாக்கடி உள்ளவர்களிடம் இதை அதிகம் பார்க்கலாம்.

வேறு சிலருக்கு ஒரே ஒரு மருந்து மட்டும் ஆகாது. அதையும் அதன் வேதியியல் உறவுக்காரர்களையும் தவிர்த்தால் போதும். டைக்ளோஃபெனாக் ஆகாதவருக்கு அசிக்ளோஃபெனாக்கும் வேண்டாம். இந்த இரண்டு கூட்டத்தையும் பிரித்துக் காட்ட ரத்தப் பரிசோதனை கிடையாது. அவசர வசதி உள்ள இடத்தில், கண்காணிப்பில், கொஞ்சம் கொஞ்சமாக மருந்தைக் கொடுத்துப் பார்ப்பதுதான் வழி. வீட்டில் முயன்று பார்க்கச் சொல்லிவிடாதீர்கள்.

அதுவரை வலிக்கு என்ன கொடுப்பது? பெரும்பாலோருக்குப் பாராசிட்டமால் ஒத்துப்போகும். ஆனால் அதுவும் காக்ஸ்-1ஐ லேசாகத் தொடும் என்பதால், எல்லாமே ஆகாதவர்களுக்கு ஒரு வேளைக்கு 500 மில்லிகிராமோடு நிறுத்துங்கள். செலிகாக்சிப், எட்டோரிகாக்சிப் இரண்டும் முக்கியமாகக் காக்ஸ்-2 என்ற இன்னொரு நொதியைத் தடுப்பவை, பலரும் தாங்குவார்கள். முதல் மாத்திரை மட்டும் நம் கண்முன்னே. கோடீன், மார்ஃபின் வேறு வகைதானே என்று நினைக்காதீர்கள். அவை நேரடியாகவே ஹிஸ்டமினை வெளியேற்றி அரிப்பைக் கிளப்பும்.

தடித்தபின் செட்டிரிசின் போன்ற, தூக்கம் அதிகம் தராத அரிப்பு மாத்திரை போதும். மூச்சுத் திணறல், குரல் கரகரப்பு, மயக்கம் சேர்ந்தால் அட்ரினலின்தான், பெரியவருக்கு 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கத் தசையில். செட்டிரிசின் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்க்கிற நேரம் அது இல்லை. அப்புறம், சளி மாத்திரைகளில் ஒளிந்திருக்கும் வலி மருந்தை மறக்கிறோம். மூட்டில் தேய்க்கிற ஜெல்லை நோயாளிகள் மருந்தென்றே எண்ணுவதில்லை.

இப்போது அந்த வரி. முதுகுவலிக்கு டைக்ளோஃபெனாக் போட்டு உடம்பெல்லாம் தடித்து வந்தவருக்கு, "எந்த வலி நிவாரணியும் கூடாது" என்று எழுதியவன் நான். வேறெதுவும் கேட்கவில்லை. சில வருடம் கழித்து அவருக்கு மாரடைப்பு, ஸ்டென்ட் வைத்தார்கள். அங்கே ரத்தம் உறைந்து அடைக்காமலிருக்க ஆஸ்பிரின் அவசியம். என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு அதைத் தொட யாருக்கும் தைரியம் வரவில்லை. வேறு மருந்தை வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் என்னைக் கூப்பிட்டுக் கேட்டபோதுதான் நானே நோயாளியிடம் உட்கார்ந்து பேசினேன். "பல்வலிக்கு ஐபுபுரோஃபென் எத்தனையோ தடவை போட்டிருக்கேனே, ஒன்னும் ஆகலையே" என்றார். அந்த ஒரு கேள்வியை அன்றைக்கே கேட்டிருக்கலாம்.

இதய மருத்துவர் சம்மதித்ததும், கண்காணிப்பில் வைத்துச் சிறு அளவில் தொடங்கி ஆஸ்பிரின் கொடுத்தோம். அன்று முழுக்க அவர் கையை நான் அவரைவிட அதிகம் பார்த்திருப்பேன். தடிக்கவில்லை. மாலையில் பழைய வரியை அடித்துவிட்டு எழுதினேன்: "டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் வேண்டாம். ஐபுபுரோஃபென் ஒத்துக்கொண்டது, நோயாளி சொன்னது. ஆஸ்பிரின் ஒத்துக்கொண்டது, நாங்கள் பார்த்தது." கீழே தேதியும் போட்டேன்.