ஜன்னல் கண்ணாடி துடைக்கும் தொழிலுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்? உங்கள் சந்தேகத்துக்கு விளக்கம்

ஓசூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கேள்வியை அப்படியே படிக்கிறேன். "அண்ணா, வீடு வீடாக ஜன்னல் கண்ணாடி துடைத்துக் கொடுக்கும் வேலையை மாத வாடிக்கையாக ஆரம்பிக்கிறேன். இப்போதைக்கு நாளுக்கு எட்டு வீடு. கையில் ஒரு மொபெட் இருக்கிறது. எல்லா வீட்டிலும் போர் தண்ணீர்தான். தண்ணீரை அவர்களிடமே வாங்கிக்கொள்ளலாமா, நானே கொண்டுபோக வேண்டுமா? சுத்தத் தண்ணீர் பீய்ச்சும் நீளக் கம்பு வாங்கினால்தான் இந்தத் தொழிலில் நிற்க முடியும் என்கிறார்களே, உண்மையா?"

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அந்தக் கம்பு இப்போது வேண்டாம் தம்பி. காரணத்தைக் கேளுங்கள், மற்ற கேள்விகளுக்கான பதிலும் அதற்குள்ளேயே இருக்கிறது.

கம்பு முறையில் பிரஷ்ஷால் தேய்த்து, அதன் வழியாகவே தண்ணீரை ஓடவிட்டு, துடைக்காமல் அப்படியே காயவிடுகிறார்கள். காயும்போது தண்ணீர் போய்விடும், அதில் கரைந்திருந்த உப்பு கண்ணாடியிலேயே தங்கிவிடும். ஆகவே அந்தத் தண்ணீரில் உப்பே இருக்கக் கூடாது, கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். உங்கள் போர் தண்ணீர் 1000 காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு. ஆர்.ஓ. வடிகட்டி அதில் நூற்றுக்குத் தொண்ணூறு, தொண்ணூற்றைந்து பங்கை எடுத்துவிடும். மிச்சமிருக்கும் ஐம்பது, நூறை எடுக்க உப்பைப் பிடித்துக்கொள்ளும் ரெசின் மணிகள் அடைத்த குடுவை தனியாக வைக்க வேண்டும். தண்ணீரில் உப்பு கூடக் கூட ரெசின் சீக்கிரம் தீரும். ரெசின் செலவு மாதா மாதம் உங்கள் தலையில் விழும்.

அளவையும் பாருங்கள். அந்தக் கம்பில் நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் போகும். வீட்டுக்கு இருபத்தைந்து நிமிடம் என்றால் 50 லிட்டர், எட்டு வீட்டுக்கு 400 லிட்டர். எடை 400 கிலோ. மொபெட்டில் எங்கே வைப்பீர்கள்? அந்த 400 லிட்டரை வடிகட்ட, அதற்குச் சமமாகவோ மேலாகவோ உப்புத் தண்ணீரை வெளியே விட வேண்டும். டேங்கர் லாரிக்குக் காசு கொடுக்கும் ஊரில் அதைச் செய்ய எனக்கு மனது வராது.

பக்கெட்டும் வைப்பரும் வைத்துச் செய்கிறவனுக்கு இந்தக் கணக்கே இல்லை. உறை போட்ட கட்டையை நனைத்துக் கண்ணாடியில் தடவுகிறோம், ரப்பரால் வழித்து எடுக்கிறோம். உப்பும் தண்ணீரோடு சேர்ந்து வழிந்துவிடுகிறது, காய்ந்து படிய நேரமே கிடைப்பதில்லை. எனக்கு ஒரு வீட்டுக்கு ஐந்தாறு லிட்டர்தான் ஆகிறது. கிரில் வைத்த ஜன்னல்களில் நீள வைப்பர் நுழையாது, ஆறு அங்குலத்தில் சின்னது ஒன்று கூட வைத்துக்கொள்ளுங்கள்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் தர்மபுரியில் ஒரு வீடு. மேற்குப் பார்த்த பெரிய கண்ணாடி, மதியம் இரண்டு மணி வெயில். நிறைய தண்ணீர் விட்டால் நிறைய சுத்தம் என்று நினைத்து, போர் தண்ணீரை டியூபில் பிடித்து அடித்துவிட்டு, காசை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். சாயங்காலம் அந்த வீட்டு அம்மா போன் செய்தார். "தம்பி, முன்னே தூசியாகத்தான் இருந்தது. இப்போது கண்ணாடிக்கு அம்மை போட்டிருக்கிறது" என்றார். மறுநாள் போய்ப் பார்த்தேன், அவர் சொன்னதில் தப்பே இல்லை.

உங்களுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லையென்றால் ஒரு பழைய கண்ணாடித் துண்டை எடுத்து மொட்டை மாடியில் வையுங்கள். போர் தண்ணீர் ஒரு சொட்டு, குழாயில் வரும் ஒகேனக்கல் காவிரித் தண்ணீர் ஒரு சொட்டு, மழைத் தண்ணீர் ஒரு சொட்டு. காய்ந்ததும் சாய்த்துப் பாருங்கள். போர் சொட்டின் இடத்தில் வெள்ளை வளையம் இருக்கும். சொட்டின் ஓரம்தான் முதலில் காயும், உப்பு அங்கே போய் ஒதுங்கும், அதனால்தான் வளையம். நகத்தால் சுரண்டினால் மாவு போல வரும். மழைச் சொட்டு விழுந்த இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இதை ஃபுளோரைடு கறை என்று நம் பக்கத்தில் பலர் சொல்கிறார்கள். இல்லை. குடிநீரில் ஃபுளோரைடுக்கு உச்ச வரம்பே லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான். அதைப்போல மூன்று மடங்கு இருந்தால் பல் கெடும், எலும்பு கெடும், கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. கண்ணாடியில் பூப்பது சுண்ணாம்பும் மெக்னீசியமும். அவை நூற்றுக்கணக்கான மில்லிகிராம் இருக்கும்.

ஃபுளோரைடால் வரும் அந்தப் பல் கறைக்காகத்தான் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் ஜப்பான் கடனுதவியில் ஒகேனக்கலிலிருந்து காவிரித் தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். 2013-இல் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. ஆகவே ஒருவர் வீட்டில் குடத்தில் பிடித்து வைத்திருக்கும் ஒகேனக்கல் தண்ணீரைக் கண்ணாடி துடைக்கக் கேட்காதீர்கள். அவர்களே கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

சரி, என்ன செய்யலாம்? இரண்டு தண்ணீர் வையுங்கள். அழுக்கு எடுக்க வீட்டுப் போர் தண்ணீர், அரை பக்கெட், நான்கு லிட்டர் போதும். கடைசி முறை தடவி வழிக்கவும் ஓரம் துடைக்கும் துணியை நனைக்கவும் உங்கள் தண்ணீர், வீட்டுக்கு இரண்டு லிட்டர். எட்டு வீட்டுக்குப் பதினாறு. ஒரு 20 லிட்டர் கேன் மொபெட்டின் கால் வைக்கும் இடத்தில் நிற்கும், கயிறு போட்டுக் கட்டிவிடுங்கள். பாதி காலியானதும் உள்ளே அலம்பி வண்டியை இழுக்கும், வளைவில் கவனம்.

அந்த இருபது லிட்டருக்கு மழைத் தண்ணீரைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடி ஏறக்குறைய 93 சதுர மீட்டர். பத்து மில்லிமீட்டர் மழையில், சிந்தியது சிதறியது போக, எழுநூறு லிட்டருக்குக் குறையாது. உங்களுக்கு ஒரு மாதத் தேவையே அதைவிடக் குறைவு. முதலில் வரும் தூசித் தண்ணீரை வெளியே விட்டுவிட்டு, பிறகு பிடித்து, மூடிய டிரம்மில் வெயில் படாமல் வையுங்கள். நமக்குத் தென்மேற்கிலும் கொஞ்சம், வடகிழக்கிலும் கொஞ்சம் மழை உண்டு. தீர்ந்துபோனால் ஏ.சி. குழாயில் சொட்டும் தண்ணீரும் உப்பில்லாததுதான்.

தண்ணீரை மிச்சப்படுத்துவது பெரும்பாலும் நனைக்கும் முன்பே முடிந்துவிடும். நெடுஞ்சாலை ஓர வீடுகளிலும் கிரானைட் அறுக்கும் பட்டறைகளுக்குப் பக்கத்திலும் தூசி கனமாக இருக்கும். மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். காய்ந்த துணியால் மட்டும் தேய்க்காதீர்கள், கிரானைட் தூளில் இருக்கும் படிகக் கல் கண்ணாடியைவிடக் கடினம், கோடு விழுந்துவிடும். துணி துவைக்கும் பார் சோப்பும் வேண்டாம், உப்புத் தண்ணீரில் அது திரிந்து தயிர்போல ஒட்டும். பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு போதும்.

ஒரே தெருவை ஒரே நாளில் வையுங்கள். மாதம் தவறாமல் போகும் வீட்டில் இரண்டாவது முறையிலிருந்தே தண்ணீர் பாதியாகிவிடும். ஏப்ரல், மே மாதத்தில் கதவைத் தட்டும்போதே, "அம்மா, அரை பக்கெட் மட்டும் கொடுங்கள், மீதி நானே கொண்டுவந்திருக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். எனக்குப் பக்கத்து வீட்டு வேலைகள் அந்த ஒரு வார்த்தையில்தான் கிடைத்தன. வேலை முடிந்த அழுக்குத் தண்ணீரை வாசலில் ஊற்றாதீர்கள், கேட்டுவிட்டுத் தென்னை மரத்தடியில் ஊற்றுங்கள்.

ஏற்கெனவே உப்பு பூத்த கண்ணாடியைப் பற்றியும் இன்னொருவர் கேட்டிருக்கிறார். வினிகரில் நனைத்த துணியைக் கண்ணாடியில் ஐந்து நிமிடம் ஒட்டி வைத்து எடுங்கள், பல கறைகள் இளகிவிடும். கீழே பளிங்குத் திண்டு இருந்தால் அதன்மேல் ஒரு சொட்டும் விழக் கூடாது. கழிவறை ஆசிட்டை மட்டும் தொடாதீர்கள், அலுமினியச் சட்டம் அன்றைக்கே கறுத்துவிடும்.