அந்த அம்மா எப்போதுதான் சாப்பிடுவாள்?

வணக்கம் நேயர்களே.

கதை எழுதுவதைப் பற்றி, அதிலும் கதையில் வரும் ஆட்களை எப்படி உருவாக்குவது என்பதைப் பற்றிப் பேசச் சொல்லி நிலையத்தில் கேட்டார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். இன்று காலை பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறி இந்தப் பினாங்குத் தீவுப் பக்கம் வரும்போதுதான் உறைத்தது, இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று. முப்பது வருடமாக எழுதுகிறேன். அதில் பாதியைத் தப்பாக எழுதியே கழித்தேன். அந்தத் தப்புகளைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

அச்சில் வந்த என் முதல் கதை ஓர் அம்மாவைப் பற்றியது. ரப்பர் தோட்டத்துக் கதை. கணவன் குடிகாரன். ஐந்து பிள்ளைகள். அம்மா விடியுமுன் பால்மரம் வெட்டப் போவாள், பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றிவிட்டுத் தான் தண்ணீர் குடித்துப் படுப்பாள், கடைசியில் செத்துப்போவாள். ஒரு பத்திரிகையின் ஞாயிறு மலரில் வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு என் பெரியம்மாவிடம் ஓடினேன். அவர் தோட்டத்தில் இருபது வருடத்துக்கு மேல் மரம் வெட்டியவர். எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். அதனால் நானே வாசித்துக் காட்டினேன். அழுவார் என்று எதிர்பார்த்தேன். கடைசி வரி வரைக்கும் கேட்டுவிட்டு அவர் சொன்னது இதுதான்:

“ஏன்டா தம்பி, இந்தப் பொம்பள எப்பதான் சாப்பிடுவா?”

“இல்ல பெரியம்மா, அது தியாகம்…”

“தியாகமாவது ஒண்ணாவது. சாப்பிடாம ஐந்நூறு மரம் வெட்ட முடியுமா? ரெண்டாம் நாளே மேட்டுல விழுந்துடுவா. நாங்கள்லாம் பசியாறாம இறங்கினதே இல்ல.”

எனக்குக் கோபம் வந்தது. கதை தெரியாதவங்க என்று நினைத்துக்கொண்டேன். அவர் சொன்னது என்ன என்று புரியச் சில வருடங்கள் ஆயின. என் கதையில் வந்த அம்மாவுக்குக் குணம் மட்டும்தான் இருந்தது, உடம்பு இல்லை. பசி இல்லை, ஆசை இல்லை, கள்ளத்தனம் இல்லை. ‘தியாகம்’ என்ற சொல்லுக்கு நான் சேலை கட்டி விட்டிருந்தேன்.

என் பெரியம்மாவும் ஐந்து பிள்ளைகளை வளர்த்தவர்தான். ஆனால் அடுப்படியில் மேல்தட்டில் ஒரு மைலோ டின் வைத்திருந்தார். அதில் கொஞ்சம் சில்லறை. வாரம் தவறாமல் நாலு நம்பர் லாட்டரி எடுப்பார். கனவில் பாம்பு வந்தால் ஒரு நம்பர், செத்துப்போன மாமியார் வந்தால் வேறு நம்பர், சடக்கில் கார் மோதினால் அந்தக் கார் நம்பர். பிள்ளைக்குப் பள்ளிக் காலணி வாங்கக் காசு இல்லை என்று சொன்ன அதே வாரத்திலும் எடுத்திருக்கிறார். இதைச் சொன்னால் அவர் மதிப்பு குறைகிறதா? எனக்கு அந்த டின்னை நினைத்தால்தான் அவர் கண்முன்னே வந்து நிற்கிறார். தியாகம் செய்தவர் தனக்கென்று ஒளித்துவைத்த ஒன்று.

அதனால் இப்போது ஓர் ஆளை எழுத உட்கார்ந்தால் அவர் நல்லவரா கெட்டவரா என்று யோசிப்பதில்லை. இவர் எதை ஒளித்து வைத்திருக்கிறார் என்றுதான் முதலில் கேட்டுக்கொள்கிறேன். பணமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஒரு மருத்துவச் சீட்டாக இருக்கலாம், தம்பியோடு பேச்சு நின்றுபோன காரணமாக இருக்கலாம். அது கதையில் வராமலே போனாலும் பரவாயில்லை, எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம், தொழில். தொழில் என்பது ஆளுக்கு மாட்டிவிடும் பெயர்ப்பலகை இல்லை, உடம்பில் ஊறிப்போன ஒன்று. வெயில் ஏறினால் மரத்தில் பால் வடிவது குறைந்துவிடும், அதனால்தான் இருட்டிலேயே வெட்டப் போவார்கள். பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டின கோட்டோடு இறங்காமல் கண்டபடி வழியும், பால் பிடிக்கும் கிண்ணமான மங்கில் சேராது. அதனால் மழை பெய்தால் வேலை இல்லை, கூலியும் இல்லை. இதெல்லாம் நம்மில் பலருக்குத் தெரிந்ததுதான். பெரியம்மாவுக்கு இப்போது 86 வயது. என்னோடு அடுக்குமாடியில் ஒன்பதாவது மாடியில் இருக்கிறார். மரத்தைத் தொட்டு எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. இன்றைக்கும் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து சன்னல் வழியாகக் கையை நீட்டிப் பார்ப்பார். தூறல் விழுந்தால் ‘ச்சே’ என்பார். வெட்ட வேண்டிய மரமும் இல்லை, கிடைக்காமல் போகும் கூலியும் இல்லை, ஆனாலும் அந்த ‘ச்சே’ இருக்கிறது. நான் பத்துப் பக்கம் எழுதின தோட்டத்துச் சோகத்தில் இது இல்லை.

பேச்சுக்கு வருகிறேன். தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு, அதை நாம் சரியாகப் பயன்படுத்துவதில்லை. ஒருவர் இன்னொருவரை எப்படிக் கூப்பிடுகிறார் என்பதிலேயே பாதிக் கதை அடங்கிவிடும். சௌராஸ்தா சந்தைக்குப் பக்கத்தில் ஒரு கடையில் உட்கார்ந்து காய்கறி லாரி ஓட்டும் ஒருவரை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சீன முதலாளியிடம் “தவுக்கே”, குரலில் ஒரு குழைவு. வண்டியை எடுக்கச் சொன்ன அமலாக்க அதிகாரியிடம் “என்சேக், லிமா மினிட் சாஜா”, ஐந்தே நிமிடம் என்று விரலையும் விரித்துக் காட்டினார். தேத்தண்ணி போடுகிறவரிடம் “மாமா, தே ஓ ஒண்ணு”. மூட்டை தூக்க வந்த பையனிடம் “டேய்”. அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி அடித்தது. “ம்… ம்… சாப்டேம்மா. ம்… சாப்டாச்சு.” அவர் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை, எதிரில் நான் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன். ஐந்து பேரிடம் ஐந்து குரல். இவர் பணிவானவரா, முரடரா, பாசக்காரரா? அந்தக் கேள்வியே தப்பு. யாரிடம் எப்படி என்று எழுதினால் வாசகர் தானே கண்டுபிடித்துக்கொள்வார்.

இன்னும் நுட்பமான இடம், ‘நீ’யும் ‘நீங்க’வும். இருபது வருடம் கணவனை “நீங்க” என்று பேசிய மனைவி ஒரே ஓர் இடத்தில் “நீ சும்மா இரு” என்றால் போதும். அவள் கொதித்தாள், குமுறினாள் என்று ஒரு சொல்லும் வேண்டாம். ‘நீ’ என்றே கூப்பிடும் மனைவியிடம் கணவன் திடீரென்று “சரிங்க, நீங்க சொன்னா சரிதான்” என்றாலும் வீட்டில் புயல்தான். இந்த வசதியை விட்டுவிட்டு, நம் கதைகளில் தாத்தாவிலிருந்து பேரன் வரை எல்லாரும் தலையங்கம் போலப் பேசுகிறார்கள். அதற்காக, நம் ஊர்ப் பேச்சில் ஒட்டிக்கொள்ளும் ‘லா’வை வரிக்கு வரி போட்டு மணம் சேர்க்காதீர்கள். அது வேறு ஒரு வியாதி.

உணர்ச்சியை எழுதுவது பற்றிக் கேட்பவர்களுக்கு நான் தொல்காப்பியத்தைத்தான் காட்டுவேன். அதில் உணர்ச்சி உடம்பில் வெளிப்படுவதைப் பேசும் மெய்ப்பாட்டியலைப் பரீட்சைக்குப் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம். மெய்ப்பாடு எட்டு என்று சொல்லிவிட்டுத் தொல்காப்பியர் நிறுத்தவில்லை, ஒவ்வொன்றும் எந்த நான்கிலிருந்து பிறக்கும் என்றும் சொல்கிறார். அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. இளிவு, பிறர் இழிவாக நடத்துவது. இழவு, உயிரையோ பொருளையோ இழப்பது. அசைவு என்றால் முன்பிருந்த நிலையிலிருந்து தாழ்ந்துபோவது. வறுமை நமக்குத் தெரியும்.

இதை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐம்பது வயது ஆள், தொழிற்சாலையில் வேலை போய்விட்டது. வீட்டுக்கு வந்து அழுகிறார். எந்த அழுகை? இளிவு என்றால் அவர் மனத்தில் நிற்பது, தன்னைவிட இருபது வயது சின்னவன் ஒருவன் கழுத்து அட்டையைக் கழற்றச் சொன்ன விதம். அவர் மனைவியிடம் வேலை போனதைச் சொல்வதற்கு முன்னால் அந்தப் பையனைத்தான் திட்டுவார். இழவு என்றால், இருபத்தைந்து வருடம் பக்கத்தில் நின்று வேலை செய்த கூட்டாளியை இனி தினம் பார்க்க முடியாது. அசைவு என்றால், மறுநாள் காலையிலும் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பிப் போய்ப் பூங்காவில் உட்கார்ந்திருப்பார், ஏனென்றால் அக்கம்பக்கத்தில் அவர் ‘சூப்பர்வைசர் அண்ணன்’. வறுமை என்றால் அவர் அழவே மாட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. கார்க்கடனுக்கு எத்தனை மாதம் பாக்கி என்று எண்ணிக்கொண்டிருப்பார், அழுகை அப்புறம் மளிகைக் கடையில் வரும். வேலை போனது ஒன்றுதான், கதை நான்கு. ‘அவர் கண்களில் கண்ணீர் பெருகியது’ என்று எழுதுகிறவர் இந்த நான்கையும் கைநழுவ விடுகிறார். நானும் நிறைய விட்டிருக்கிறேன்.

பயிற்சி பற்றி இரண்டு வார்த்தை. எழுத்து பிறவியிலேயே வர வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. 1950இல் இந்த நாட்டில் தமிழ் நேசன் நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ என்றே ஒன்றை நடத்தினார்கள். பத்திரிகையில் பாடம் வைத்து, எழுத வைத்தார்கள். அதில் கலந்துகொண்ட பலர் பிறகு எழுத்தாளர்களாகத் தெரியவந்தார்கள். தச்சு வேலை மாதிரி இதையும் பழகலாம் என்று அன்றைக்கே நம்பியிருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்த பயிற்சி ஒன்று. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படி. ஒரு சாதாரண சனிக்கிழமை போங்கள், தைப்பூசத்தன்று வேண்டாம், கூட்டத்தில் ஆள் தெரியாது. நடுவில் ஓரிடத்தில் உட்காருங்கள். ஏறுகிறவர்கள் களைத்து நிற்கும்போது என்ன செய்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். ஒருவர் கைப்பேசியை எடுத்துப் பார்ப்பார், களைப்பு என்று தெரியக் கூடாது அவருக்கு. ஒரு பாட்டி படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அப்படியே மூச்சு வாங்கிக்கொள்வார். ஒரு கணவன் திரும்பிப் பார்த்து “என்ன, முடியலையா?” என்று மனைவியைக் கேட்பார், நிற்க வேண்டியது அவருக்குத்தான். வீட்டுக்கு வந்து மூன்று பேரை எழுதுங்கள், ஆளுக்கு ஐந்து வரி, குணத்தைச் சொல்லும் சொல் ஒன்றுகூட இல்லாமல். முதல் நாள் கை நகராது. பத்தாவது வாரத்தில் நகரும். நான் இதற்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். அதில் முக்கால்வாசி எந்தக் கதைக்கும் போகவில்லை.

கடைசியாக, எழுதியதை வாய்விட்டு வாசியுங்கள். இது நான் வானொலி நாடகம் கேட்டு வளர்ந்ததால் வந்த பழக்கம். அதில் முகம் இல்லை, சட்டை இல்லை, குரலை வைத்தே பத்து ஆட்களைப் பிரித்துக் காட்ட வேண்டும். ‘என்றான் முத்து’, ‘என்றாள் கமலா’ என்பதையெல்லாம் மறைத்துவிட்டு வசனத்தை மட்டும் வாசித்துப் பாருங்கள். யார் பேசுவது என்று தெரியவில்லையென்றால் ஆள் இன்னும் பிறக்கவில்லை.

நான் இப்போதும் பெரியம்மாவிடம்தான் வாசிக்கிறேன். காது கொஞ்சம் மந்தம், சத்தமாக வாசிக்க வேண்டும். பிடித்தால் ஒன்றும் சொல்ல மாட்டார், கதையில் வருகிறவரைப் பற்றி ஊர்வம்பு மாதிரிக் கேட்பார், “அவளுக்குப் புள்ள இருக்கா?” என்று. பிடிக்காவிட்டால் தூங்கிவிடுவார். போன வாரம் ஒரு புதுக்கதையை வாசித்தேன். மூன்றாம் பக்கத்தில், கதாநாயகன் கடற்கரையில் நின்று வாழ்க்கையைப் பற்றி யோசிக்கும் இடத்தில், லேசாகக் குறட்டை கேட்டது.

அந்தப் பக்கத்தைத்தான் பெர்ரியில் கோடு போட்டு அடித்துக்கொண்டு வந்தேன். திரும்பிப் போகும்போது மிச்சத்தையும் அடித்துவிடுவேன். வணக்கம்.