தென் கொரியா கொரோனாவை சமாளிச்ச கதை 2015-லயே ஆரம்பிச்சுருச்சு

2020 பிப்ரவரி 29. தென் கொரியால அன்னைக்கு ஒரே நாள்ல 909 பேருக்கு கொரோனா. சீனாவை விட்டா அப்போ உலகத்துலயே அதிக கேஸ் அங்கதான். ஆனா அடுத்த ரெண்டு வாரத்துல அந்த நம்பர் 100 பக்கத்துக்கு இறங்கிருச்சு, நாடு முழுக்க லாக்டவுன் போடவே இல்ல. எப்படின்னு கேட்டா உடனே டெக்னாலஜிம்பாங்க, மக்கள் ஒழுக்கம்பாங்க. எனக்கு அந்த பதில் ஒத்துவரல, ஏன்னா அஞ்சு வருஷம் முன்னாடியும் அதே மக்கள்தான் இருந்தாங்க, டெக்னாலஜியும் ஓரளவு இருந்துச்சு, அப்போ அரசாங்கம் படு சொதப்பல்.

[திரையில்: 2015 மே, சியோல்]

மத்திய கிழக்குல இருந்து திரும்புன ஒருத்தருக்கு காய்ச்சல். மெர்ஸ்னு, அதாவது கொரோனா குடும்பத்தையே சேர்ந்த இன்னொரு வைரஸ் நோய்னு, உறுதியாகுறதுக்குள்ள அவரு பல ஆஸ்பத்திரி ஏறி இறங்கிட்டாரு. அவர்கிட்ட இருந்து தொத்திக்கிட்ட இன்னொருத்தரு சியோல்ல இருக்குற சாம்சங் மெடிக்கல் சென்டரோட எமர்ஜென்சி வார்டுல நாள்கணக்கா இருந்ததுல மட்டும் 80 பேருக்கு மேல பரவுச்சு. இதுல பெரிய கொடுமை என்னன்னா, எந்தெந்த ஆஸ்பத்திரில கேஸ் இருக்குன்னு அரசாங்கம் சொல்லவே மாட்டேன்னுச்சு, பீதி வந்துரும்னு. பீதி அதனாலதான் வந்துச்சு! மக்களே இன்டர்நெட்ல ஆஸ்பத்திரி மேப் போட ஆரம்பிச்சதுக்கு அப்புறம், ஜூன் 7-ம் தேதிதான் பேரெல்லாம் வெளிய வந்துச்சு. கடைசில 186 பேருக்கு நோய், 38 பேர் சாவு.

அந்த அவமானத்துல இருந்து வந்ததுதான் பின்னாடி நம்ம பாத்த எல்லாமே. சட்டத்தை மாத்துனாங்க. தொற்று பரவுற நேரத்துல நோயாளியோட செல்போன் லொகேஷன், கார்டு தேய்ச்ச கணக்கு, சிசிடிவி இதெல்லாம் எடுக்கலாம், போன இடங்களை வெளியிடணும்னு வந்துச்சு. அதோட, அவசர காலத்துல டெஸ்ட் கிட்டுக்கு சீக்கிரமா அனுமதி கொடுக்குற வழியும் கொண்டு வந்தாங்க. வெளிய அதிகம் பேசப்படாத விஷயம் இது, ஆனா என்னைக் கேட்டா பாதி வெற்றி இதுலதான் இருக்கு. மெர்ஸ் விவகாரத்துல நடவடிக்கைக்கு ஆளான அதிகாரிகள்ல ஜங் உன்-கியோங்னு ஒரு டாக்டரம்மாவும் உண்டு. 2017-ல அவங்களையே நோய் கட்டுப்பாட்டு மையத்துக்கு தலைவராக்குனாங்க. கொரோனா சமயத்துல தினமும் டிவில வந்து, அலட்டிக்காம நம்பர் சொன்னது அவங்கதான்.

[திரையில்: 2020 ஜனவரி, சியோல் ரயில் நிலையம்]

2019 டிசம்பர் 17, வூஹான் பேரை யாரும் கேள்விப்படாத நேரம். சீனா போயிட்டு வந்த ஒரு கொரிய குடும்பத்துக்கு என்னன்னே தெரியாத நிமோனியான்னு கற்பனை பண்ணி, என்ன செய்யலாம்னு நிபுணர்கள் உக்காந்து ஒத்திகை பாத்திருக்காங்க. தற்செயல்தான், ஆனா கேக்கும்போது புல்லரிக்குது. ஜனவரி 20-ல முதல் கேஸ், வூஹான்ல இருந்து இஞ்சியோன் ஏர்போர்ட்டுல வந்து இறங்குன ஒரு பெண். ஜனவரி 27, அங்க சந்திர புத்தாண்டு லீவு நேரம், கிட் தயாரிக்கிற கம்பெனிகளை சியோல் ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி, உடனே கிட் வேணும், அனுமதி நாங்க சீக்கிரம் தர்றோம்னு அதிகாரிகள் சொல்றாங்க. பிப்ரவரி 4-ல முதல் கிட்டுக்கு அனுமதி. அப்போ நாட்டுல கேஸ் 20 கூட இல்ல.

அப்புறம்தான் தேகு நகரம் வெடிச்சுது. நாட்டோட 31-வது நோயாளி ஷின்சோன்ஜிங்குற ஒரு கிறிஸ்தவ மதப் பிரிவோட சபை கூட்டத்துக்கு போயிருந்தாங்க, அந்த சபைல ஏற்கனவே பரவிட்டு இருந்தது அவங்க மூலமாதான் வெளிய தெரிஞ்சுது. அரசாங்கம் சபை உறுப்பினர்கள் 2 லட்சத்துக்கும் மேல இருந்த லிஸ்ட்டை வாங்கி ஒவ்வொருத்தரா தேட ஆரம்பிச்சாங்க. டிரைவ்-த்ரூ டெஸ்ட்டும் இந்த நேரத்துலதான் வந்துச்சு, கார்ல இருந்து இறங்காமலே பத்து நிமிஷத்துல மூக்குல குச்சி விட்டு அனுப்பிருவாங்க. ஆனா தேகுல பெட் கிடைக்காம வீட்டுலயே செத்தவங்களும் இருக்காங்க, அதையும் சொல்லணும்ல. அதுக்கப்புறம்தான் லேசான அறிகுறி இருக்குறவங்களை ஆஸ்பத்திரில போடாம, பயிற்சி மையம், கம்பெனி ஹாஸ்டல்னு கொண்டுபோய் வச்சு டாக்டர்கள் பாத்துக்கிட்டாங்க.

[திரையில்: மருந்துக்கடை வாசல் கியூ]

மாஸ்க் கதை எனக்கு ரொம்ப பிடிக்கும். பிப்ரவரி கடைசில மாஸ்க்குக்கு கியூன்னா அப்படி ஒரு கியூ. அரசாங்கம் என்ன பண்ணுச்சுன்னா, தயாராகுற மாஸ்க்ல 80 சதவீதத்தை தானே வாங்கி மருந்துக்கடைக்கு அனுப்புச்சு, ஒண்ணு 1,500 வோன், ஆளுக்கு வாரம் ரெண்டு. மார்ச் 9-ல இருந்து பிறந்த வருஷத்தோட கடைசி நம்பரை வச்சு நாள் பிரிச்சாங்க. 1-லயோ 6-லயோ முடிஞ்சா திங்கள், 2, 7-ன்னா செவ்வாய், இப்படியே வெள்ளி வரைக்கும், விட்டவங்களுக்கு சனி ஞாயிறு. அடையாள அட்டையை காட்டுனதும் கடைக்காரர் கம்ப்யூட்டர்ல தட்டுவாரு, நீங்க இந்த வாரம் வேற கடைல வாங்கியிருந்தா அங்கயே தெரிஞ்சுரும். எந்த கடைல எவ்ளோ ஸ்டாக்குங்குற டேட்டாவை அரசாங்கம் திறந்து விட்டதும் புரோகிராமர்கள் அதை வச்சு ஆப் செஞ்சு விட்டாங்க. கியூ குறைஞ்சுது. ஏப்ரல் 15-ல தேர்தலே நடத்துனாங்க, 66 சதவீதம் பேர் வந்து ஓட்டு போட்டாங்க.

இனி கசப்பான பக்கம். போன இடங்களை வெளியிடணும்னு சட்டம் போட்டாச்சுல்ல, அது எப்படி ஆச்சுன்னா வயசு, ஆணா பெண்ணா, எத்தனை மணிக்கு எந்த ஹோட்டல்னு எல்லார் போனுக்கும் மெசேஜ் போகும். பேர் இருக்காது, ஆனா தெரிஞ்சவங்களுக்கு ஆள் யாருன்னு புரிஞ்சுரும். கள்ளக்காதலா இருக்குமோன்னு ஊரே கதை கட்டுச்சு. மே மாசம் சியோல்ல இதேவோன் பகுதி கிளப்புகள்ல பரவுனப்போ இது ரொம்ப மோசமாச்சு. அதுல ஒருபாலின ஈர்ப்பு உள்ளவங்க போற கிளப்புகள் இருந்ததால, வெளிய தெரிஞ்சா வேலையே போயிரும்னு பயந்து பலபேர் டெஸ்ட்டுக்கே வரல. செல் டவர் டேட்டாவை வச்சு பத்தாயிரத்துக்கும் மேல ஆட்களை கண்டுபிடிச்சது ஒரு பக்கம் இருக்கட்டும், கடைசில நிலைமையை மாத்துனது சியோல் நகராட்சி பேர் சொல்லாமலே டெஸ்ட் எடுத்துக்கலாம்னு அறிவிச்சதுதான். 2015-ல எதையும் சொல்லாததால மாட்டுனாங்க, 2020-ல தேவைக்கு மேல சொல்லி மாட்டுனாங்க. அப்புறமா வயசு, பாலினமெல்லாம் போடக்கூடாதுன்னு விதிமுறையை திருத்துனாங்க.

தடுப்பூசில லேட்டு, 2021 பிப்ரவரி 26-லதான் போடவே ஆரம்பிச்சாங்க. கேஸ் குறைவுதானேன்னு அவசரப்படாம இருந்துட்டாங்கன்னு அங்கயே திட்டு வாங்குச்சு அரசாங்கம். ஆனா பின்னாடி வேகம் பிடிச்சாங்க, ஒமிக்ரான் வர்றப்போ மக்கள்ல 80 சதவீதத்துக்கும் மேல ரெண்டு டோஸ் போட்டிருந்தாங்க. 2022 மார்ச்ல ஒரே நாள்ல 6 லட்சம் கேஸை தாண்டுச்சு, 909-க்கே உலகம் பதறுன அதே நாட்டுல. ஒவ்வொருத்தரையும் துரத்திப் பிடிக்கிற வேலையை அதுக்கு முன்னாடியே விட்டுட்டாங்க, பிசிஆர் டெஸ்ட்ல 60 வயசு தாண்டுனவங்களுக்குத்தான் முன்னுரிமை, மத்தவங்க முதல்ல ரேபிட் டெஸ்ட் எடுத்துட்டு வாங்கன்னு சொல்லிட்டாங்க.